ஆறு பேரில் ஆர் மருந்து கட்டுறது?

ஐஸ்விண்ட் டேல் கேமில் புதிதாக ஒரு ஆட்டத்தைத் தொடங்கினால் முதலில் வருவது கதை இல்லை. ஆறு வெறும் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் நீங்களே ஒரு ஆளைச் செய்து வைக்கலாம். ஆணா பெண்ணா, மனிதரா குள்ளரா எல்ஃபா, என்ன தொழில், எவ்வளவு பலம், எவ்வளவு புத்தி, என்ன முகம், என்ன குரல், என்ன பேர். அணி சரியென்றால்தான் கதை தொடங்கும்.

1998இல் வந்த பல்டர்ஸ் கேட்டும் இதே எஞ்சினில் ஓடுகிற கேம்தான். ஆனால் அதில் நீங்கள் ஒரு ஆளைச் செய்தால் போதும், மற்றவர்கள் போகிற வழியில் வந்து சேருவார்கள். அவர்களுக்கு என்று கதை இருக்கும், சண்டை பிடிப்பார்கள், கோவித்துக்கொண்டு போவார்கள். 2000இல் பிளாக் ஐல் ஸ்டூடியோஸ் செய்த ஐஸ்விண்ட் டேலில் அப்படி ஒருவரும் வரமாட்டார்கள். நடுவில் ஒருவரைக் கழட்டிவிட்டு வேறு ஆளைச் செய்து சேர்க்கலாம்தான், ஆனால் அவர் ஒண்டும் தெரியாத புது ஆளாகத்தான் வந்து நிற்பார். ஆகவே தொடக்கத்தில் போடுகிற ஆறு பேர்தான் எல்லாம். முன்னால் என்ன வரப்போகிறது என்று தெரியாமலே அந்த ஆறு பேரைத் தெரிவுசெய்ய வேண்டும்.

இதற்கு எல்லாரும் சொல்லுகிற ஒரு சூத்திரம் இருக்கிறது. முன்னால் அடிவாங்க ரெண்டு ஃபைட்டர், பின்னால் மருந்துக்கு ஒரு கிளெரிக், கதவும் பொறியும் பார்க்க ஒரு கள்ளன், மந்திரத்துக்கு ஒரு மேஜ், ஆறாவது ஆள் உங்கள் விருப்பம். பிழையான சூத்திரம் என்று சொல்லமாட்டன். இதை வைத்துக் கேமை முடிக்கலாம். ஆனால் இது 'சமநிலை' என்ற சொல்லை ஒவ்வொன்றிலும் ஒன்று என்று விளங்கிக்கொள்கிறது. பலசரக்குக் கடைக்கு எழுதிக் கொடுக்கிற துண்டு மாதிரி.

இந்தத் துண்டுக்குப் பழைய வரலாறு உண்டு. 1974இல் கேரி கைகக்ஸும் டேவ் ஆர்னிசனும் டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸை வெளியிட்டபோது அதில் மூன்றே மூன்று தொழில்கள்: சண்டைக்காரர், மந்திரவாதி, கிளெரிக். கள்ளன் அடுத்த வருசம், 1975இல், கூடுதல் புத்தகம் ஒன்றோடு வந்தவர். 1981இல் விசார்ட்ரி கொம்பியூட்டருக்கு வந்தபோது ஆறு பேர் கொண்ட அணி வந்தது. முன்வரிசை மூன்று பேருக்குத்தான் கையால் அடிக்க எட்டும், பின்வரிசை மூன்று பேருக்கு எட்டாது. 'பின்னுக்கு நிக்கிற ஆள்' என்ற எண்ணம் எங்கள் தலையில் இறுகினதில் அந்த வரிசைக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி கிளெரிக் பிறந்த கதை. ஆர்னிசனின் மேசையில் விளையாடிய ஒருவர் இரத்தக்காட்டேரியாக மாறி ஒருவராலும் அடக்க ஏலாத ஆளாகிவிட்டார். அவரை அடக்கத்தான் பேயோட்டுகிற ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. அதுதான் கிளெரிக். மருத்துவத்தாதி வேலைக்கு எடுக்கப்பட்ட ஆளில்லை, காட்டேரி வேட்டைக்கு எடுக்கப்பட்ட ஆள்.

நானும் தங்கச்சியும் இந்தக் கேமை விளையாடினது 2022இல், அந்த மின்வெட்டுக் காலத்தில். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். காலமை எழும்பினதும் எங்கட எழுத்துக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அப்பா பெற்றோல் வரிசையில், நான் காஸ் வரிசையில், அம்மா பள்ளிக்கூடத்தால் வந்து விறகு அடுப்பில். தங்கச்சி அப்போதுதான் ஏ/எல் எழுதி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். 'வீட்டில் இருந்தாள்' என்று சொல்வது சுகம். அம்மம்மாவுக்குச் சீனி வருத்தம், காலில் ஆறாத புண். அதைக் கழுவி, துடைத்து, மருந்து வைத்து, துணி கட்டுகிற வேலை பரீட்சை முடிந்த அடுத்த நாளே ஒருவரும் கேட்காமல் அவளின் வேலையாகிவிட்டது.

வீட்டில் ஒரு பழைய லப்டொப் இருந்தது. பட்டரி 50 நிமிசம் தாங்கும். புதுக் கேம் எதுவும் அதில் ஓடாது. 2014இல் புதுப்பித்து வந்த ஐஸ்விண்ட் டேல் நன்றாக ஓடியது. ஆளுக்கு மூன்று பேர் என்று பிரித்துக்கொண்டோம். பிரச்சினை தொடங்கியதும் அங்கேதான்.

"கிளெரிக்கை நீ எடு" என்றேன்.

"காலமை அம்மம்மாவுக்குக் கட்டுறன். பின்னேரம் உங்கட பொம்மையளுக்கும் நான்தான் கட்டவேணுமோ அண்ணா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, எடுக்கிறன். ஆனா என்ர ஆள் பின்னுக்கு நிக்கமாட்டா. இன்னொண்டு, உங்கட மூண்டு பேரிலயும் ஒராளுக்கு மருந்து தெரிஞ்சிருக்கவேணும்" என்றாள்.

கேமின் கணக்கைப் பார்த்தால் அவள் கேட்டது முழுக்க நியாயம். ஐஸ்விண்ட் டேல் பழைய இரண்டாம் பதிப்பு விதிகளில் ஓடுகிறது. அதில் முதலாம் படி மருந்து மந்திரம் அதிகம் போனால் 8 உயிர்ப்புள்ளிகளைத் திருப்பித் தரும். ஒரு ஓக் கோடரியை ஓங்கி நல்லாக ஒன்று போட்டால் அதைவிடக் கூடப் போய்விடும். ஆகவே சண்டை நடக்கும்போது பின்னால் நின்று மருந்து போடுகிற ஆள், ஓட்டைப் பானைக்குள் தண்ணீர் ஊற்றுகிற ஆள். அந்த நேரத்தில் ஒரு மேஜ் தூக்க மந்திரம் ஒன்றை விட்டால் அடிக்க வந்த கோப்ளின் கூட்டமே நிலத்தில் கிடக்கும். அடியே விழாவிட்டால் மருந்தும் தேவையில்லை. தொடக்க லெவல்களில் அணியின் உண்மையான வைத்தியர் மேஜ்தான் என்று நான் சொல்லுவன். மருந்து மந்திரம் சண்டை முடிந்த பிறகு, ஆறுதலாக, படுக்கப்போகும் முன் போடுகிற சாமான்.

அதே விதிகளில் கிளெரிக்குக்கு எந்தக் கவசமும் போடலாம் என்பதை ஏனோ எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். உயிர்ப்புள்ளிக்கு ஃபைட்டருக்கு பத்துப் பக்கப் பகடை, கிளெரிக்குக்கு எட்டுப் பக்கம், கள்ளனுக்கு ஆறு, மேஜுக்கு நாலு. அடிப்பதிலும் ஃபைட்டருக்கு அடுத்தபடி கிளெரிக்தான். கூர்மையான ஆயுதம் தொடக்கூடாது என்ற ஒரே கட்டுப்பாடு. கதாயுதம், சுத்தியல், கவண் இதுகள்தான்.

தங்கச்சி செய்தது ஒரு குள்ளப் பெண். ஃபைட்டரும் கிளெரிக்கும் சேர்ந்த இரட்டைத் தொழில். பேர் பொன்னாச்சி. கனமான கவசம், ஒரு கையில் கதாயுதம், மற்றக் கையில் கேடயம், வரிசையில் முதல் ஆள். அடுத்து ஒரு மனித ஃபைட்டர், கடைசியாக ஒரு பாட்டுக்காரன். நான் எடுத்தது ஒரு மேஜ், ஒரு குட்டையன் ஃபைட்டர்-கள்ளன், அவளின் நிபந்தனைக்காக ஒரு அரை-எல்ஃப் ட்ரூயிட். ட்ரூயிட் காட்டுப் பூசாரி மாதிரி, அவருக்கும் மருந்து மந்திரம் வரும்.

பகடை உருட்டுகிற கூத்தைச் சொல்லாமல் போக ஏலாது. ஆறு குணங்களுக்கும் கேம் தானே உருட்டி எண் தரும். பிடிக்காவிட்டால் திரும்ப உருட்டலாம், எத்தனை தரமும். 90க்கு மேல் கூட்டுத்தொகை வருமட்டும் மணிக்கணக்கில் இருந்து அமத்துகிற ஆட்கள் இருக்கிறார்கள். 50 நிமிசப் பட்டரியோடு அது நடக்காது. 80ஐத் தாண்டினால் எடு என்று முடிவெடுத்தோம். எனக்கு இப்போதும் அதுதான் சரியென்று படுகிறது. எல்லா எண்ணும் 18 உள்ள ஆறு பேரை வைத்துக்கொண்டு சமநிலையைப் பற்றிக் கதைக்க என்ன இருக்கு?

கள்ளனைப் பற்றியும் ஒரு வழக்கு நடந்தது. ஒரு முழு இடத்தைக் கள்ளனுக்குக் கொடுப்பது வீண் என்பது அவளின் கட்சி. பூட்டை மேஜின் இரண்டாம் படி மந்திரம் ஒன்று திறக்கும், பெட்டியென்றால் ஃபைட்டர் உடைத்தும் பார்க்கலாம், பொறியை மிதித்துவிட்டுப் பிறகு படுத்து எழும்பலாம். சுத்தக் கள்ளன் என்றால் அவள் சொல்வது சரி. ஆனால் இரட்டைத் தொழில்காரர் வேறு கதை. கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இதை 1996 உலகக் கிண்ணத்தைக் கொண்டு சொல்லலாம். லாகூரில் நடந்த இறுதிப் போட்டியில் அரவிந்த டி சில்வா அவுஸ்திரேலியாவின் 3 விக்கெட்டை எடுத்துவிட்டு, பிறகு ஆட்டமிழக்காமல் 107 ஓட்டமும் அடித்தார். அவரைப் பந்துவீச்சாளர் என்று ஒருவரும் அணியில் போடவில்லை. ஆனால் அவர் போட்ட அந்த ஓவர்கள் இருந்ததால் அணியில் இன்னொரு இடம் மிச்சம். இரட்டைத் தொழில் தருவதும் அந்த மிச்ச இடத்தைத்தான். விலையும் உண்டு. கிடைக்கிற அனுபவப் புள்ளி ரெண்டு தொழிலுக்கும் பாதி பாதியாகப் போகும், லெவல் ஏறுவது மெதுவாகத்தான். தனிக் கள்ளனுக்கு இரண்டாம் லெவலுக்கு 1250 புள்ளி போதும். ஃபைட்டருக்கு 2000. ரெண்டையும் கட்டி இழுக்கிற ஆள் கொஞ்சக் காலம் ரெண்டிலும் அரைகுறைதான்.

கதை ஈஸ்ட்ஹேவன் என்ற மீன்பிடி ஊரில் தொடங்குகிறது. அங்கிருந்து மலைக்கணவாய் வழியாகப் போகிற பயணக்கூட்டத்தைப் பனிச்சரிவு மூடிவிடும். மிஞ்சுவது உங்கள் ஆறு பேர் மட்டும். அதுவரை எங்கள் மேஜ்தான் ராசா. எந்தச் சண்டையென்றாலும் தூக்க மந்திரம், பிறகு கிடக்கிறவர்களை ஆறுதலாக அடிப்பது. அதற்குப் பிறகு வருவது நிழல்களின் பள்ளத்தாக்கு. முழுக்கக் கல்லறைகள், கல்லறைகளுக்குள் எலும்புக்கூடுகளும் நடைபிணங்களும். செத்தவனுக்குத் தூக்கம் வராது. அம்பு எலும்புக்கு நடுவால் போய்விடுகிற மாதிரி, கூர் ஆயுதங்கள் அவற்றில் அரைவாசியும் வேலை செய்யாது. தட்டையான, மொத்துகிற ஆயுதம் வேண்டும்.

பொன்னாச்சி நடந்துபோனாள். வேறு மாதிரி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கதாயுதத்தால் ஒன்றைத் தட்டி விழுத்திவிட்டு, பேயோட்டுகிற சக்தியைப் போட்டாளென்றால் மிச்சம் திரும்பி ஓடும். 1974இல் அந்தத் தொழில் எதற்காக வந்ததோ அதற்கே ஒரு முழு அத்தியாயம். மருந்து மந்திரமா? அந்தக் கல்லறைகளுக்குள் பாதி நாள் அவள் அதை மனப்பாடம் பண்ணவே இல்லை. அது என்ர ட்ரூயிட்டின் வேலையாகிவிட்டது. தங்கச்சி திரையைப் பார்த்துக்கொண்டே, "பாத்தீங்களா, ஆளைப் பின்னுக்கு நிப்பாட்டிற்றுப் பஞ்சும் துணியும் குடுத்திருப்பீங்கள்" என்றாள்.

ரெண்டு பேருக்கு மருந்து தெரிந்திருக்க வேண்டும் என்று அவள் கேட்டதன் பெறுமதி தெரிந்தது அடுத்த இடத்தில். ட்ராகன்ஸ் ஐ என்ற குகைக்குள் ட்ரோல்கள் இருக்கும். அடித்து விழுத்தினாலும் நெருப்போ அமிலமோ படாவிட்டால் திரும்ப எழும்பிவிடும். மேஜின் அமில அம்பு ரெண்டுதான் கையில் இருந்தது, மூன்றாவது ட்ரோல் எழும்பிப் பொன்னாச்சியை விழுத்திவிட்டது. சூத்திரப்படி கட்டின அணியென்றால் அந்த இடத்தில் மருந்து தெரிந்த ஒரே ஆள் செத்துப்போயிருப்பார். மிச்சம் ஐந்து பேரும் அரை உயிரோடு வெளியே வரவேண்டியிருக்கும். எங்களுக்கு ட்ரூயிட் இருந்தார். ட்ரோலை நெருப்பு வாள் மந்திரத்தால் முடித்ததும் அவர்தான், காயம் கட்டினதும் அவர்தான்.

அங்கே இன்னொரு வில்லங்கம் வந்தது, எந்தச் சூத்திரத்திலும் எழுதாத ஒன்று. இந்தக் கேமில் ஒரு ஆள் செத்தால் அவரின் சாமான் முழுக்க நிலத்தில் விழும். குல்டஹார் ஊரில் இல்மேட்டர் கோயிலுக்குப் போய்க் காசு கட்டினால் அவரை எழுப்பித் தருவார்கள், ஆனால் சாமானை நீங்கள்தான் சுமக்கவேண்டும். பொன்னாச்சியின் கவசமும் கேடயமும் நல்ல பாரம். ஒருவர் எவ்வளவு தூக்கலாம் என்பது அவரின் பலத்தில் இருக்கிறது. மேஜுக்குப் பலம் 9. ட்ரூயிட் ஏற்கெனவே நிறையச் சுமந்துகொண்டிருந்தார். குட்டையனின் பை நிறையக் கல்லறைகளில் எடுத்த சாமான். பாட்டுக்காரன் கவசத்தைத் தூக்கினால் அந்த இடத்தை விட்டு அசையமாட்டான். கடைசியில் தங்கச்சியின் ஃபைட்டர் தன்னுடைய மேலதிக வாள் ரெண்டை எறிந்துவிட்டு அதைத் தூக்கினான். பட்டரி 6 வீதம். ஊருக்குப் போய்ச் சேர்ந்து சேவ் பண்ணினதும் திரை கறுத்தது.

அதன் பிறகு நான் எந்த அணி கட்டினாலும் முன்வரிசையில் விழக்கூடிய ஆளின் சாமானைத் தூக்க இன்னொரு பலசாலி இருக்கிறாரா என்று பார்ப்பேன். கதவு திறக்க ஒருவர் போதும். திறக்காவிட்டால் ஒரு பெட்டி போகும், அவ்வளவுதான். மருந்துக்கும் சுமைக்கும் முன்னால் நிற்பதற்கும் ரெண்டு பேர் வேண்டும், ஏனென்றால் அந்த ஒருவர் விழுகிற நாளில்தான் அந்த வேலை கூடத் தேவைப்படும். ஆறாவது இடத்துக்கு நான் எப்போதும் பாட்டுக்காரனையே வைப்பேன். ஒண்டையும் முழுதாகச் செய்யமாட்டான், ஆனால் எல்லாருக்கும் பதிலாகக் கொஞ்ச நேரம் நிற்பான், கண்டெடுத்த சாமான் என்னவென்று சொல்லுவான், ஊரவர்களோடு நல்லாகக் கதைப்பான். பலர் அந்த இடத்தில் பலடினைப் போடச் சொல்லுவார்கள். எனக்கு அந்த ஆட்களின் நல்லதனம் கொஞ்சம் களைப்பைத் தரும்.

ஏப்ரலில் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்துவிட்டாள். அதற்கு முதலே, கேமில் சண்டை பிடித்த அதே கிழமை, என்னைப் பக்கத்தில் நிப்பாட்டிவைத்து அம்மம்மாவின் காலுக்கு எப்படிக் கட்டுவது என்று ரெண்டு மூன்று தரம் காட்டித் தந்திருந்தாள். சேலைன் விட்டு உள்ளேயிருந்து வெளியே துடைக்கவேண்டும், தேய்க்கக்கூடாது, துணி இறுக்கமாக இருக்கக்கூடாது. முதல் நாள் அம்மம்மா என்ர கையைப் பார்த்துவிட்டு, "உனக்கேன் மோனே இந்த வேலை, அவள் எழும்பட்டும்" என்றார். எழும்பின பிறகும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பிரித்துக்கொண்டோம். அம்மம்மாவுக்கு அது கடைசி வரை பிடிக்கவில்லை. தங்கச்சி கட்டினால் நோகாது என்று வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லுவார். உண்மையும் அதுதான், அவளின் கை மெதுவான கை.

ஐஸ்விண்ட் டேலை நாங்கள் முடித்தது ஓகஸ்டில். இப்போது அவள் கம்பஸில், அங்கே சிநேகிதிமாரோடு பல்டர்ஸ் கேட் 3 விளையாடுகிறாள். 2023இல் வந்த அந்தக் கேமில் அணிக்கு நாலே பேர். முகாமில் விதர்ஸ் என்று ஒரு எலும்புக்கிழவர் நிற்பார். 100 பொன் கொடுத்தால் உங்கள் தொழிலையே மாற்றித் தருவார், 200 கொடுத்தால் செத்தவரை எழுப்பித் தருவார். இதால் தொடக்கத் தெரிவுக்கு இருந்த பாரம் போய்விட்டது என்பது என்ர கருத்து. பயமில்லாமல் தெரிவுசெய்கிறவர்கள் யோசிக்காமல் தெரிவுசெய்கிறார்கள். அவளின் கருத்து நேர் எதிர். 18 வயதில் தெரியாமல் எடுத்த பாடத்தைச் சாகுமட்டும் கட்டிப்பிடிக்கச் சொல்லுற ஆக்கள் மாதிரிக் கதைக்காதீங்கோ என்று ஏசினாள். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

போன மாதம் தங்கட நாலு பேரின் பட்டியலை அனுப்பியிருந்தாள். ஒரு பார்பேரியன், ஒரு சோசரர், ஒரு ரேஞ்சர், ஒரு பாட்டுக்காரி. கிளெரிக் இல்லை. அந்தக் கேமில் மருந்துப் போத்திலை ஆரும் குடிக்கலாம், நிலத்தில் எறிந்து உடைத்தால் கிட்ட நிற்கிற எல்லாருக்கும் படும். எனக்கு அது தெரியும், என்றாலும் கேட்டேன், அப்ப ஆரப்பா உங்களுக்கு மருந்து கட்டுறது என்று.

"நாலு பேரின்ர பையிலயும் போத்தில் கிடக்கு" என்று பதில் வந்தது.